மெழுகுவத்தி வேண்டாம், நியமன ஆணையைக் கொடு

வருசா வருசம் மே 12 வந்தால் ஆஸ்பத்திரிகளில் மெழுகுவத்தி கொளுத்துகிறார்கள். உலக செவிலியர் தினம். வெள்ளை உடுத்திய பெண்கள் வரிசையாக நின்று உறுதிமொழி சொல்வார்கள். பெரிய டாக்டரும் உள்ளூர்ப் பிரமுகரும் 'நீங்கள் தேவதைகள், தாய்க்குச் சமமானவர்கள்' என்று பேசிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள். அதே மே மாசத்து இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம். இரண்டு மேடைக்கும் வாகாக ஒரு பெயர் அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது: லினி புதுசேரி. 2018 மே 21ஆம் தேதி நிபா காய்ச்சலில் செத்துப்போன கோழிக்கோட்டு நர்ஸ். அந்தப் பெயரை அவர்கள் வாயிலிருந்து பிடுங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குலசேகரத்தில் இருந்து எழுதுகிறேன். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும் அண்டி ஆபீசுக்குப் போகிறவர்களும் கடன் வாங்கிப் பெண்பிள்ளைகளை நர்சிங் படிக்க அனுப்புகிற பகுதி இது. களியக்காவிளை தாண்டி வரும் மலையாளச் செய்தி இங்கே சென்னைச் செய்தியை முந்திவிடும். அதனால் லினியின் சாவு எங்களுக்குப் பக்கத்து வீட்டுச் சாவாகத்தான் வந்தது.

நடந்தது இவ்வளவுதான். பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் வந்து படுத்த ஒரு இளைஞருக்கு இன்ன நோய் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் அவரைப் பார்த்துக்கொண்டவர் லினி. நோய் அவருக்கும் தொற்றியது. தனி வார்டில் கிடந்தபடி, பஹ்ரைனில் வேலை பார்த்த கணவருக்கு ஒரு சீட்டு எழுதினார்: இனி பார்க்க முடியாது என்று தோன்றுகிறது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்களையும் கல்புக்குக் கூட்டிப்போங்கள், நீங்கள் தனியாக இருந்துவிடாதீர்கள். உடலை வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. உடனே மின்மயானத்தில் எரித்தார்கள். ஐந்து வயசிலும் இரண்டு வயசிலும் இரண்டு ஆண்பிள்ளைகள். அந்தச் சீட்டு செல்போனுக்குச் செல்போன் போனது. அழாதவர்கள் இல்லை.

அழுதது சரி. ஆனால் இந்தக் கதையில் ஒரு வரியை மேடைகளில் விழுங்கிவிடுகிறார்கள். லினி நிரந்தர நர்ஸ் இல்லை. தற்காலிக ஊழியர். அவர் செத்த பிறகு கேரள அரசு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 10 லட்சம் ரூபாயும், கணவருக்குச் சுகாதாரத் துறையில் அரசு வேலையும் கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான், அந்தக் குடும்பத்துக்கு அது உரியது. நான் கேட்பது வேறு. அந்த வீட்டுக்கு ஒரு நிரந்தர அரசு வேலை வர, நர்ஸ் படிப்புப் படித்து நோயாளிக்குப் பக்கத்தில் நின்ற பெண் செத்தாக வேண்டுமா? உயிரோடு இருந்தபோது அவளுக்கு இல்லாத நியமன ஆணை, அவள் சாம்பலான பிறகு எங்கிருந்து வந்தது?

இன்னொன்றையும் விழுங்குகிறார்கள். லினி செத்த அதே நாட்களில், அவரோடு வேலை பார்த்த பேராம்பிரா நர்சுகளைப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார விடவில்லை. ஆட்டோக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கோழிக்கோட்டில் நிபாவில் செத்தவரின் உடலை எரிக்க மயானத்தில் மறுத்தார்கள். பத்திரிகைகள் இதைப் 'பீதி' என்று எழுதின. நாம் இதை அதன் சொந்தப் பெயரால் அழைப்போம்: தீண்டாமை. பயம் எல்லா நாட்டிலும் வரும். பயம் வந்ததும் எடுத்து மாட்டிக்கொள்ளத் தயாராகத் தைத்து வைத்த சட்டை இந்த நாட்டில் இருக்கிறது. புலையன் இத்தனை அடி, பறையன் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அடிக்கணக்கு வைத்திருந்த திருவிதாங்கூர் மண்ணில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்களுக்கா இது தெரியாது?

நோய் கண்ட உடம்பைத் தொடுவது யார் வேலை என்பதை இந்த நாட்டில் சாதிதான் தீர்மானித்து வைத்தது. தமிழகத்தில் நாவிதர் வீட்டு மருத்துவச்சி பேறு பார்த்தாள். வடநாட்டில் தொப்புள்கொடி அறுக்கச் சமார் பெண்ணைக் கூப்பிட்டார்கள். பிள்ளை வெளியே வரும்வரை அவள் கை வேண்டும்; வந்த பிறகு அதே கை தீட்டு. எங்கள் பக்கத்து வயித்தாட்டிக் கிழவிகளைக் கேளுங்கள், சொல்வார்கள். 1838இல் இங்கே நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவ வேலை ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் வெள்ளைக்காரன் காலத்தில் நாடெங்கும் நர்ஸ் பயிற்சி வந்தபோது, ரத்தமும் மலமும் தொடுகிற வேலைக்கு மேல்சாதி வீடுகள் தங்கள் பெண்களை அனுப்பவில்லை. போனவர்கள் பெரும்பாலும் மதம் மாறிய குடும்பத்துப் பெண்கள், விதவைகள், அநாதைப் பெண்கள். நர்ஸ் என்றால் இளக்காரம் என்ற பார்வை அங்கேதான் பிறந்தது. சம்பளக் குறைச்சலும் கூடவே பிறந்தது.

லைபீரியாவில் சலோமி கார்வா என்று ஒரு பெண். எபோலாவில் தாயையும் தகப்பனையும் இழந்து, தானும் நோய் கண்டு பிழைத்து, பிழைத்த பிறகு எபோலா நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்கே போனவர். 2014இல் 'டைம்' பத்திரிகை ஆண்டின் மனிதர்களாக எபோலாவோடு போராடியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது அட்டைப்படத்தில் வந்தவர்களில் ஒருவர். 2017 பிப்ரவரியில் ஆபரேஷனில் பிள்ளை பெற்று, நாலே நாளில் செத்தார். வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, எபோலாவில் பிழைத்தவர் என்று ஊழியர்கள் தொடப் பயந்தார்கள் என்று அவர் குடும்பம் சொன்னது. அட்டைப்படம் அவரைக் காப்பாற்றவில்லை. மேடைப் பாராட்டின் மதிப்பு அவ்வளவுதான்.

இந்த 'அம்மா' என்ற சொல்லுக்கு வருவோம். வீட்டில் அம்மாவுக்குச் சம்பளம் உண்டா? லீவு உண்டா? நர்சை அம்மா ஆக்குவதன் சூட்சுமம் இதுதான். எங்கள் தெருவில் ஒரு அக்கா. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. சேரும்போதே சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். மகளுக்குக் கடுத்த காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு கேட்டிருக்கிறாள். 'நோயாளிக்கு நீதானே தாய், இப்படிக் கேக்கலாமா?' என்றாளாம் மேலே இருந்தவள். அக்கா திருப்பிக் கேட்டாள்: 'அப்பம் எம் பிள்ளைக்கு ஆரு அம்மையா இருப்பா?' நர்சுகளைப் பற்றிப் பேசுகிற எந்த மேடைக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். தமிழக அரசு 2015இல் தேர்வு வைத்து எடுத்த ஆயிரக்கணக்கான நர்சுகளுக்குக் கொடுத்த தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். இரண்டு வருசத்தில் நிரந்தரம் என்றார்கள். ஆகவில்லை. 2017 நவம்பரில் தேனாம்பேட்டை மருத்துவத் துறை வளாகத்தில் கைக்குழந்தைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். கொரோனா காலத்தில் அவசரமாக எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளை 2022 டிசம்பர் 31ஓடு போகச் சொன்னார்கள். கைதட்டிய கை கதவைக் காட்டியது. உச்சநீதிமன்ற உத்தரவின்பேரில் 2016இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் கீழுள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸ் சம்பளம் 20,000க்குக் குறையக் கூடாது என்றது. வெறும் பரிந்துரை. கேரளத்தில் நர்சுகள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே, 2018 ஏப்ரலில் அந்த 20,000 தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு அடிப்படைச் சம்பளமாக அறிவிக்கப்பட்டது. லினி செத்தது அடுத்த மாசம்.

கூலியைப் பேசினால் சேவை கெட்டுப்போகும் என்கிறார்கள் கனவான்கள். டாக்டர் சம்பளம் வாங்கும்போது கெடாத சேவை நர்ஸ் வாங்கினால் மட்டும் கெடுமோ? நம் தோழர்கள் சிலர் வேறு மாதிரிக் கேட்கலாம்: 'லினி நம்ம ஆளா?' லினியின் சாதி எதுவென்பது இங்கே கேள்வியே இல்லை. தொடக்கூடாததைத் தொடுகிற வேலையை யார் தலையில் கட்டினாலும் அவளை இந்தச் சமூகம் நம் வரிசையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த வரிசையில் நர்சுக்கும் கீழே, வார்டு கழுவி ரத்தத் துணி அள்ளுகிற காண்ட்ராக்ட் தொழிலாளி நிற்கிறாள். பெரும்பாலும் அவள் நம் ஆள்தான். நர்ஸ் சங்கங்களும் அவளை வாசலில் நிறுத்திவிட்டுக் கூட்டம் போடுமானால், தீட்டை ஒரு படி கீழே தள்ளிவிட்டதாகத்தான் அர்த்தம்.

லினி நல்ல தாய். நல்ல மனைவி. யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவரைத் தொழிலாளி என்று சேர்த்துச் சொல்லாத நினைவு பொய் நினைவு. அடுத்த மே மாசம் மெழுகுவத்தியோடு வருகிறவர்களிடம் நாம் ஒரு காகிதத்தைக் கேட்போம். அந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நர்ஸ், எத்தனை துப்புரவுத் தொழிலாளி தற்காலிகம், எத்தனை வருசமாக, என்ன கூலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம். அதை வாசலில் ஒட்டிவிட்டு, பிறகு லினியின் பெயரைச் சொல்லட்டும்.