அடுத்த ஐமேக்குக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி படித்துக்கொள்ளுங்கள்.

நம் பழைய மாணவர்கள் குழுவில் இரண்டு வாரமாக ஒரே பேச்சு. ஆப்பிளின் ஐமேக் கணினி அடுத்து எந்த உருவத்தில் வரும்? திரை 27 அங்குலமா, 32 அங்குலமா? கீழே தொங்கும் அந்தத் தாடை போகுமா? விளிம்பு இன்னும் மெலியுமா? என்ன நிறம்? கல்யாண ஆல்பம் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவன், "புது டிசைன் வரட்டும் டீச்சர், அப்புறம் வாங்கிக்கலாம்னு இருக்கேன்" என்று மூன்று வருடமாகச் சொல்கிறான். கையில் இருக்கும் பழைய கணினியில் ஒரு ஆல்பத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான். பெண்டாட்டி பிள்ளைகள் தூங்கின பிறகு கணினி தூங்குகிறது, இவன் விழித்திருக்கிறான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதிர்பார்க்கிற மாற்றமே தப்பான மாற்றம். அதற்காகத் தொழிலை நிறுத்திவைத்துக் காத்திருப்பது அதைவிடத் தப்பு.

டீச்சருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று சிலர் சிரிப்பீர்கள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்தல் துணைக்கருவி என்று ஒரு பாடம் உண்டு. கருவி பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும், அவிழ்த்துப் பார்க்க முடிய வேண்டும், பழுதானால் வாத்தியாரே சரிசெய்ய முடிய வேண்டும். தீப்பெட்டியில் தராசு செய்ததெல்லாம் அப்படித்தான். நாற்பது வருடம் எந்தக் கருவியைப் பார்த்தாலும் இந்த மூன்று கேள்வியைத்தான் கேட்டேன். ஐமேக்கையும் அதையே கேட்கிறேன்.

ஆரம்பத்தில் இந்தக் கணினி அந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் சொன்னது. 1998 மே 6-ம் தேதி, கலிஃபோர்னியாவின் கூபர்டினோவில் உள்ள ஃபிளிண்ட் அரங்கில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐமேக்கைத் திறந்து காட்டினார். விலை 1,299 டாலர். ஊரெல்லாம் சாம்பல் பெட்டிகளை விற்றுக்கொண்டிருந்த காலத்தில், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற நீலப் பெட்டி. அந்த வருடம் முடிவதற்குள் ஏறத்தாழ 8 லட்சம் விற்றது. மூழ்கிக்கொண்டிருந்த கம்பெனியைக் கரையேற்றியதில் அதற்குப் பெரிய பங்கு. அந்தப் பெட்டியின் தலையில் ஒரு கைப்பிடி இருந்தது. தூக்கிக்கொண்டு அலைவதற்காக என்று நினைக்காதீர்கள். வடிவமைத்த ஜானத்தன் ஐவ் நினைத்தது வேறு: கணினியைக் கண்டு பயப்படுகிறவன் கைப்பிடியைப் பார்த்தால், "இதைத் தொடலாம் போலிருக்கே" என்று நினைப்பான். எங்கள் பாடத்தின் முதல் விதியே அதுதானே. (அதோடு கொடுத்த வட்ட மவுஸ் எந்தப் பக்கம் மேலே என்றே தெரியாத சனியன். அதையும் சொல்லிவிடுவோம்.)

2002-ல் வந்தது இன்னும் அழகு. வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி அடி, அதிலிருந்து ஒரு எஃகுக் கழுத்து, அதன் முனையில் திரை. ஒரு விரலால் மேலே தூக்கலாம், கீழே இறக்கலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் திருப்பிக் காட்டலாம். குட்டைப் பிள்ளைக்கும் நெட்டைப் பிள்ளைக்கும் ஒரே கணினி.

இப்போது கடையில் இருக்கும் ஐமேக்கைப் பாருங்கள். திரையை முன்னும் பின்னும் சாய்க்கலாம். உயர்த்தவோ தாழ்த்தவோ முடியாது. அடியில் அகராதி நான்கை அடுக்கி வைத்துத்தான் உயரம் கூட்ட வேண்டும். தாங்கியில் மாட்டுவதற்கு ஏற்ற வகை உண்டு, ஆனால் வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டும். 2002-ல் ஒரு விரலால் முடிந்த காரியம் இப்போது முடியாமல் போனதற்கு என்ன பெயர்? முன்னேற்றமா? இதே கம்பெனி 2019-ல் தன் விலையுயர்ந்த திரை ஒன்றுக்கு உயரம் மாற்றும் தாங்கியைத் தனியாக 999 டாலருக்கு விற்றது. மேடையில் விலையைச் சொன்னபோது, கைதட்ட வந்த கூட்டமே முனகியது.

2004-ல் வந்த ஐமேக் ஜி5-ஐ உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். கணினி முழுவதும் திரைக்குப் பின்னால் போனது அதில்தான். 2 அங்குலத் தடிமன். அதைத் திறக்க மூன்று திருகு. திருகுகூடக் கழன்று மேஜைக்கு அடியில் உருளாது, அதன் இடத்திலேயே நிற்கும். பின்மூடியைத் தூக்கினால் உள்ளே எல்லாம் வரிசையாக இருக்கும். வன்வட்டு, மின்வழங்கி, நினைவகம் எல்லாவற்றையும் வாங்கியவரே மாற்றிக்கொள்ளலாம் என்று கம்பெனியே வழிமுறை கொடுத்தது. ஜி5-ல் சில கணினிகளுக்கு மின்தேக்கி வீங்கும் கோளாறு வந்தது, உண்மை. கோளாறு வராத இயந்திரம் எங்கே இருக்கிறது? வந்தால் திறந்து பார்க்க முடிந்ததா என்பதுதான் கேள்வி. அடுத்த வருடமே கேமரா வைத்த புது மாடலில் அந்த வசதி போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் மெலியும் வியாதி தொற்றியது. 2012-ல் விளிம்பை 5 மி.மீ. ஆக்கினார்கள். விளிம்புதான் 5 மி.மீ., நடுவில் தொப்பை இருந்தது. விளம்பரப் படம் எடுத்த கோணத்தில் தொப்பை தெரியாது. அதற்காகத் திரையைச் சட்டத்தோடு பசை நாடா வைத்து ஒட்டினார்கள். சின்ன மாடலில் நினைவகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் அந்தப் பசையை அறுத்துத் திரையைக் கழற்ற வேண்டும். வேலை முடிந்தால் புது நாடா வாங்கி ஒட்ட வேண்டும். பெரிய மாடலுக்கு மட்டும் பின்னால் ஒரு சின்னக் கதவை விட்டுவைத்தார்கள்.

2021 ஏப்ரலில் வந்ததுதான் இப்போதைய உருவம். 24 அங்குலம், ஏழு நிறம், 11.5 மி.மீ. தடிமன். எவ்வளவு மெல்லியது என்றால், காதுக்கருவி செருகும் துளைக்கு வேண்டிய ஆழமே பின்பக்கத்தில் இல்லை. 14 மி.மீ. வேண்டுமாம். அதனால் துளை பக்கவாட்டுக்குப் போனது. மின்வழங்கிக்கும் இடமில்லை, அது தனிப் பெட்டியாகத் தரைக்கு வந்துவிட்டது. வீட்டைச் சுத்தமாக்குகிறேன் என்று சாமான்களைப் பரணில் ஏற்றிவிட்டு, "பார், வீடு எவ்வளவு விசாலம்" என்பது போல. ஒற்றைப் பெட்டிக் கணினி என்று பெயர், கால் பக்கத்தில் இன்னொரு பெட்டி.

நீங்கள் எல்லோரும் திட்டுகிற அந்தத் தாடை ஏன் இருக்கிறது? கணினியின் மூளை, விசிறி, ஒலிபெருக்கி எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. திரைக்குப் பின்னால் வைத்திருந்தால் தாடையே தேவையில்லை, தடிமன் கொஞ்சம் கூடியிருக்கும். தடிமனைக் குறைக்கத் தாடையை வைத்தார்கள். இப்போது நிதானமாக யோசியுங்கள். கணினிக்கு முன்னால் உட்காருகிறவன் நாள் முழுக்கப் பார்ப்பது தாடையை. தடிமனைப் பார்ப்பது யார்? கடையில் பக்கவாட்டில் நடந்துபோகிறவன். பக்கவாட்டில் உட்கார்ந்து யாரும் ஆல்பம் செய்வதில்லையே! வேலை செய்கிறவனை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறவனுக்காகச் செய்த பொருள் அது. அதனால் அடுத்த உருவம் இன்னும் மெலிய வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. 2 அங்குலம் இருக்கட்டுமே. மேஜைமேல் நிற்கிற பொருள்தானே, சட்டைப்பையில் போட்டுக்கொண்டா போகப் போகிறோம்?

கணினித் துறையில் இருக்கிற பிள்ளைகள் உடனே சொல்வீர்கள்: "டீச்சர், இப்போ நினைவகம் சிப்போடு சேர்ந்தே வருது, அதனாலதான் வேகம்." ஒப்புக்கொள்கிறேன். எம்1 முதல் எம்4 வரை அப்படித்தான், அதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. ஆனால் கோப்புகளை வைக்கும் சேமிப்பகத்தை ஏன் பலகையோடு பற்றவைக்க வேண்டும்? இதே கம்பெனியின் 2024 மேக் மினியிலும் மேக் ஸ்டுடியோவிலும் அது கழற்றி மாட்டும் தனிப் பலகையாக இருக்கிறது. அங்கே முடிந்தது ஐமேக்கில் மட்டும் முடியாதா? அடிப்படை ஐமேக்கில் 256 ஜிபி. கல்யாண ஸ்டுடியோவுக்கு அது எத்தனை முகூர்த்தத்துக்குக் காணும் என்று தம்பியே கணக்குப் போடட்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனசு ஆறாத விஷயம் திரை. 2014-ல் வந்த 5கே ஐமேக், 2,499 டாலர். அந்த நுணுக்கத்தில் ஒரு திரையை மட்டும் தனியாக வாங்கவே ஏறத்தாழ அந்த விலை ஆன காலம். அந்தத் திரை இன்றைக்கும் அருமையான திரை. ஆனால் அந்தக் கணினிக்கு 2020-ல் வந்த பிக் சர் மென்பொருளோடு கதை முடிந்தது. சரி, கணினிக்கு வயதாகிவிட்டது, திரையையாவது வேறு கணினியில் இணைத்துப் பயன்படுத்தலாமா? முடியாது. 2009 முதல் சில வருடங்கள் வந்த ஐமேக்குகளில் அந்த வசதி இருந்தது. ஒரு கம்பியைச் செருகினால் வெறும் திரையாக வேலை செய்யும். 5கே வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். இப்போது பொறுமையுள்ளவர்கள் திரையைப் பிரித்து, உள்ளே வேறு பலகை வாங்கிப் போட்டு உயிர் கொடுக்கிறார்கள். மற்றவை மூலையில் கிடக்கின்றன. கண் நன்றாக இருக்கிற ஆளை, காது கேட்கவில்லை என்பதற்காகக் குழியில் இறக்குகிற வேலை.

27 அங்குலத்துக்காகக் காத்திருப்பவர்களே, 2020 மாடல் 27 அங்குல ஐமேக் 1,799 டாலரில் தொடங்கியது. 5கே திரை, கணினி, பின்னால் நினைவகக் கதவு, எல்லாம் சேர்த்து. 2022 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். அதே நாளில் அறிமுகம் செய்த ஸ்டுடியோ டிஸ்ப்ளே என்ற வெறும் திரை 1,599 டாலர். 200 டாலருக்குக் கணினி கிடைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம்! இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பிரித்து விற்கத் தெரிந்தவர்கள் மறுபடி அதைச் சேர்த்துக் கொடுப்பார்களா? ஆப்பிள் சிப் போட்ட 27 அங்குல ஐமேக் செய்யப்போவதில்லை என்று 2023 நவம்பரில் அவர்களே சொன்னார்கள். அப்புறமும் வதந்தி நிற்கவில்லை. அந்த 2020 மாடலைக் கடைசியாக 2022 தொடக்கத்தில் வாங்கியவர்கள் கதை என்ன? 2025-ல் வந்த மேக்ஓஎஸ் 26 தான் இன்டெல் சிப் கணினிகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று அறிவித்துவிட்டார்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் கொஞ்ச காலம் வரும், அவ்வளவுதான்.

அடுத்த மாடல் பற்றிக் கம்பெனி வாய் திறக்காமல் இருப்பதை ஏதோ மந்திர ரகசியம் மாதிரி கொண்டாடுகிறீர்கள். 1983-ல் ஆஸ்போர்ன் என்ற கணினிக் கம்பெனி அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசி, கடையில் இருந்த சரக்கு தேங்கி, அந்த வருடமே திவாலானது. வேறு காரணங்களும் உண்டு என்பார்கள். ஆனால் அந்தப் பயம் எல்லாக் கம்பெனிக்கும் பாடமாகிவிட்டது. வாயை மூடுவது இருக்கிற சரக்கை விற்பதற்காக. அவர்கள் தங்கள் வியாபாரத்தைப் பார்க்கிறார்கள். நீங்களும் உங்கள் வியாபாரத்தைப் பாருங்கள் என்கிறேன்.

எதிர்பார்த்தே தீருவோம் என்றால் உருப்படியாக எதிர்பாருங்கள். பசைக்குப் பதில் திருகு. கழற்றி மாட்டும் சேமிப்பகம். உயரம் மாற்றும் கழுத்து. கணினி செத்தாலும் வாழும் திரை. நான்கில் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நான்கையும் அவர்களே ஒரு காலத்தில் செய்தார்கள், சிலதை இப்போதும் பக்கத்து மாடலில் செய்கிறார்கள். அதைக் கேட்க ஒரு பிள்ளைக்கும் வாய் வரவில்லை. மஞ்சள் நிறம் வருமா, ஊதா வருமா என்று நூறு கமெண்ட்!

ஸ்டுடியோ தம்பிக்கு: எம்4 ஐமேக் நம் ஊரில் வந்தபோது 1,34,900 ரூபாய். எம்4 மேக் மினி 59,900. மிச்சப் பணத்தில் உயரம் மாற்றும் தாங்கியோடு நல்ல 27 அங்குலத் திரை ஒன்றும், வெளியே வைக்கும் சேமிப்பகம் ஒன்றும் வாங்கு. ஐந்து வருடம் கழித்து மினிக்கு வயதானால் அதை மட்டும் மாற்று, திரை இருக்கட்டும். தை முகூர்த்தத்துக்கு முன்னால் வாங்கிவிடு. ராத்திரி பத்து மணிக்குப் படுத்துத் தூங்கு.

கமெண்டில் கும்பிடு படமும் "அருமை டீச்சர்"-உம் வேண்டாம். பெங்களூரில் வன்பொருள் வேலையில் இருக்கிற நம் பிள்ளைகள் இரண்டு பேர் பதில் எழுதுங்கள்: ஐமேக்கில் சேமிப்பகத்தைப் பலகையோடு பற்றவைத்தே ஆக வேண்டும் என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம், ஒன்றே ஒன்று, சொல்லுங்கள் பார்ப்போம்.