விண்டோஸ் 10: ஐரோப்பாவுக்கு ஒரு சட்டம், கிள்ளானுக்கு ஒரு சட்டமா?

விண்டோஸ் 10 கணினிகளுக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் தாமான்களிலும் பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகளின் இணைய வகுப்புக்காக வாங்கிய கணினிகளில் பல, இன்னமும் அதில்தான் ஓடுகின்றன. புதிய கணினிக்கு ஆயிரம், இரண்டாயிரம் வெள்ளி எல்லாக் குடும்பங்களிடமும் இல்லை.

மைக்ரோசாப்ட் ஒரு வழி சொன்னது. 2026 அக்டோபர் 13 வரை மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறலாம். 30 அமெரிக்க டாலர் கட்டலாம், அல்லது அந்நிறுவனத்தின் வெகுமதிப் புள்ளிகள் 1,000 கொடுக்கலாம். இலவசமாக வேண்டுமென்றால், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அதன் ஒன்டிரைவ் சேமிப்பகத்துக்கு அனுப்ப ஒப்புக்கொள்ள வேண்டும். அதாவது, காசு இல்லாதவர் தரவைக் கொடுக்க வேண்டும். ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. பிள்ளைகளின் படங்களும் சேர்ந்து ஏறினால் அது சீக்கிரம் நிரம்பிவிடும், பிறகு மாதக் கட்டணம்.

யூரோகன்சூமர்ஸ் என்ற ஐரோப்பியப் பயனீட்டாளர் அமைப்பு, அங்குள்ள டிஜிட்டல் சந்தைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி இதைக் கேள்வி கேட்டது. 2025 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் இறங்கி வந்தது. ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்தில் இருப்பவர்கள் அமைப்புகளை அனுப்பத் தேவையில்லை, கணக்கில் நுழைந்தால் போதும். மலேசியர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. மென்பொருள் ஒன்றே, பயனர் வாழும் இடம்தான் வேறு.

ஐரோப்பாவில் இது முதல் முறையும் அல்ல. விண்டோஸ் 10 அளவுக்கு மீறித் தரவு சேகரிக்கிறது என்று பிரான்சின் தரவு ஆணையம் 2016இல் எச்சரிக்கை விடுத்தது. நெதர்லாந்தின் ஆணையம் 2017இல் அது தன் நாட்டுச் சட்டத்தை மீறுகிறது என்றே அறிவித்தது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. 2024இல் அது திருத்தப்பட்டு, உச்ச அபராதம் 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது. தரவு கசிந்தால் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2025 ஜூன் முதல் கட்டாயம். 2017இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் கசிந்ததை மறக்காதவர்களுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் இவையெல்லாம் வெள்ளம் வந்த பிறகு கட்டும் அணை. சேகரிப்பு தொடக்கத்திலேயே குறைவாக இருக்க வேண்டும், வேண்டியவர் கூட்டிக்கொள்ளலாம் என்ற ஐரோப்பிய விதியைப் போன்ற ஒன்று இங்கே இல்லை.

இன்னொன்று தமிழர்களைத் தனியாகப் பாதிக்கிறது. தரவு எதற்காக எடுக்கப்படுகிறது என்ற அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 7ஆவது பிரிவு. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்தில் உழைத்த தாத்தா பாட்டிக்கு அந்த நீண்ட அறிவிப்பும் ஒன்றுதான், வெற்றுத்தாளும் ஒன்றுதான். பேரன் அவசரத்தில் 'அக்செப்ட்' தட்டிவிடுகிறான். சட்டத்தின் கண்ணில் அது சம்மதம்!

அப்படி என்னதான் போகிறது? கட்டாயத் தரவில் கணினியின் வகை, அமைப்புகள், புதுப்பிப்பு சரியாக ஏறியதா என்பவை இருக்கும். இதற்குப் பயப்படத் தேவையில்லை. விருப்பத் தரவுதான் வேறு ரகம். எட்ஜ் உலாவியில் பார்த்த பக்கங்கள், எந்தச் செயலியை எவ்வளவு பயன்படுத்தினோம் என்பவை அதில் சேரும். கணினி திடீரென முடங்கினால், அப்போது திறந்திருந்த கோப்பின் பகுதிகூடத் தவறுதலாகப் போய்ச் சேரலாம் என்று மைக்ரோசாப்டே தன் விளக்கத்தில் ஒப்புக்கொள்கிறது. அந்தக் கோப்பு இபிஎப் அறிக்கையாகவும் இருக்கலாம்.

நிறுவனங்களுக்கும் பள்ளிகளுக்கும் விற்கும் விண்டோஸ் பதிப்புகளில் கட்டாயத் தரவையும் நிறுத்தலாம். வீட்டுப் பதிப்பில் முடியாது. கோலாலம்பூர் வங்கிக்குக் கிடைக்கும் சுவிட்ச் காப்பார் வீட்டுக்கு இல்லை. இது தொழில்நுட்பக் காரணம் அல்ல, வணிக முடிவு. போம்கா, பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்றவை எழுப்பத் தகுந்த கேள்வி இது.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஐந்து நிமிட வேலை. 'செட்டிங்ஸ்' திறந்து 'பிரைவசி' பகுதிக்குப் போக வேண்டும். அங்கே 'டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக்' என்பதில் 'ஆப்ஷனல்' தரவை நிறுத்தி, 'டெய்லர்ட் எக்ஸ்பீரியன்சஸ்' என்பதையும் அணைக்கலாம். ஏற்கெனவே அனுப்பிய தரவை அழிக்கும் 'டிலீட்' பொத்தானும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. 'ஜெனரல்' பகுதியில் விளம்பர அடையாள எண்ணை நிறுத்தலாம். கணினி மெதுவாகாது, பிள்ளைகளின் பாடமும் கெடாது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிறுத்துவதாகச் சொல்லும், யார் எழுதியதென்று தெரியாத இலவச மென்பொருள்களை மட்டும் இறக்கிவிடக் கூடாது. அவற்றில் சில பாதுகாப்புப் புதுப்பிப்பையும் சேர்த்தே முடக்கிவிடும். பெரிய புதுப்பிப்பு வந்த பிறகு அமைப்பை முடிக்கச் சொல்லும் திரை மறுபடி தோன்றலாம். அன்று பேரனோடு தாத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளட்டும்.