கையெழுத்துப் போடாதீர்கள், தோழர்களே!



நீலாயிலும் சாலாக் திங்கியிலும் அறை எடுத்துத் தங்கி, சிப்பாங் விமான நிலையத்தில் உழைத்த நம் பிள்ளைகள் இந்த 2020ஆம் ஆண்டுக் கொரோனாவில் வேலை இழந்து, மூட்டை முடிச்சோடு செலண்டாருக்கே திரும்புகிறார்கள். பெட்டி ஏற்றியவன், இருக்கை துடைத்தவள், சாப்பாட்டுத் தட்டு அடுக்கியவள். என் அக்கா மகன் வந்து பதினைந்து நாளாகிறது. அவனுடைய மினுக்குப் பட்டைச் சட்டை லயத்துக் கொடியில் தொங்குகிறது. விமான நிலையப் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள், கழுத்துக் கயிறு மட்டும் அவனிடம் மிஞ்சியிருக்கிறது. 'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்' என்று மலாய் மொழியில் அச்சடித்த தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அந்தக் கையெழுத்தின் விலை தெரியுமா? வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவனுக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலைக் காப்புறுதியில் ஆறு மாதம் பணம் உண்டு. முதல் மாதம் பழைய சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு 40, 40, 30, 30. தானாக விலகியவனுக்கு ஒரு காசு கிடையாது. ஆட்குறைப்பு இழப்பீடும் போச்சு. ஓராண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டாண்டு தாண்டினால் 15, ஐந்து தாண்டினால் 20 என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் நம்மை வேலைக்கு வைக்கும் குத்தகையாளர் ஆண்டுதோறும் மாறினால் அந்த ஓராண்டுகூடக் கணக்கில் நிற்காது. அதனால்தான் குத்தகை முறையே நமக்கு எதிரி என்கிறேன்.

ஆனாலும் என் அக்கா மகனை நான் திட்டமாட்டேன். கதவைச் சாத்தி, தனியாக உட்கார வைத்துப் பேனாவை நீட்டினால் யார் கையும் நடுங்கும்.

கம்பெனிகள் தனியாகவா நிற்கின்றன? ஏர் ஆசியா எக்ஸ் 63.5 பில்லியன் வெள்ளிக் கடப்பாட்டை 20 கோடி வெள்ளியாகச் சுருக்கித் தரும்படி கடன்காரர்களைக் கேட்டிருக்கிறது. நம் பையனின் மோட்டார் சைக்கிள் தவணையை யார் சுருக்குவார்? வங்கித் தவணைத் தள்ளிவைப்பு செப்டம்பர் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அரசு 2020இல் தரும் சம்பள உதவித் தொகையோ ஆளுக்கு 600 வெள்ளி, ஒரு கம்பெனிக்கு 200 பேர் வரைதான். ஆயிரக்கணக்கானோர் உழைக்கும் விமானக் கம்பெனிக்கு அது எந்த மூலைக்கு?

இது சிப்பாங்கோடு நிற்கவில்லை. கேத்தே டிராகன் விமானக் கம்பெனி அக்டோபரில் மூடப்பட்டது. உலகெங்கும் 48 லட்சம் விமானத்துறை வேலைகள் ஆபத்தில் என்று அந்தத் துறையின் அமைப்பே கணக்குப் போட்டிருக்கிறது. ஆனால் அமெரிக்காவைப் பாருங்கள். விமானப் பணியாளர் சங்கங்கள் மார்ச்சிலேயே வரிந்துகட்டி நின்றன. நிவாரணப் பணம் சம்பளத்துக்கே போக வேண்டும், செப்டம்பர் 30 வரை எவரையும் நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனையைச் சட்டத்திலேயே எழுத வைத்தன. கெடு முடிந்த மறுநாளே இரண்டு பெரிய கம்பெனிகள் 30,000க்கு மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பின. ஆறு மாதம் அவர்களைக் காத்தது எது என்று இதற்கு மேலும் நான் சொல்ல வேண்டுமா?

நம் நாட்டில் சங்கம் என்றாலே பயம். அதற்குக் காரணம் இருக்கிறது. 1979ல் மாஸ் விமானக் கம்பெனி ஊழியர்கள் போராடியபோது தலைவர்களை விசாரணையில்லாத இசா சட்டத்தில் பிடித்து உள்ளே வைத்தார்கள். மறு ஆண்டு தொழிற்சட்டங்களை இறுக்கினார்கள். அந்தப் பயம் இன்றைக்கும் பேனா பிடிக்கும் கையில் ஓடுகிறது. தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் ஒன்றாக இழந்த தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்குமா பயம்?

இன்னும் வேலையில் இருப்பவர்களே, எந்தத் தாளிலும் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். 'வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன்' என்று சொல்லுங்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து உடனே எனக்கு அனுப்புங்கள்.

போட்டுவிட்டவர்களே, கதை முடியவில்லை. நெருக்கி வாங்கிய ராஜினாமாவைப் பணிநீக்கம் என்று வாதாடலாம். தொழில் உறவு இலாகாவில் 60 நாளுக்குள் மனு போட வேண்டும். பெர்கேசோவுக்கும் அதே 60 நாள்தான். என் அக்கா மகனுக்கு இன்னும் 45 நாள் இருக்கிறது. உங்களுக்கு எத்தனை? இன்றே எண்ணுங்கள்.

2020 நவம்பர் 9 முதல் மலாக்காவிலும் நடமாட்டக் கட்டுப்பாடு. கூட்டம் போட முடியாது. ஆகவே ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் நோட்டு எடுத்து, திரும்பி வந்தவர்களின் பேரையும் வேலை போன தேதியையும் எழுதுங்கள். நாளைக் காலை எட்டு மணிக்கு என் அக்கா வீட்டு வாசலில் அவள் மகனுடைய மனுவை எழுத உட்காருகிறோம். உங்களுடையதையும் எழுதலாம். அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, அந்தத் தாள், மூன்றையும் எடுத்துக்கொண்டு, முகக்கவசத்தோடு ஒருவர் பின் ஒருவராக வாருங்கள்.