உலகக் கோப்பைக்கு குராசோ போகிறது... இந்தியா எந்த ஆட்டத்தில் கோட்டைவிட்டது?

2025 நவம்பர் 18. டாக்காவில் இந்திய ஆண்கள் கால்பந்து அணி வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றது. 22 வருஷத்தில் இந்தியாவுக்கு எதிராக வங்கதேசம் பெற்ற முதல் வெற்றி அது. அதே தேதியில் ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனில், குராசோ என்ற கரீபியன் தீவின் அணி 0-0 என்று டிரா செய்து 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. குராசோவின் மக்கள்தொகை சுமார் ஒன்றரை லட்சம்தான். உலகக் கோப்பை வரலாற்றில் இவ்வளவு சின்ன நாடு தகுதி பெற்றதே இல்லை.

இந்த இரண்டு செய்தியும் பக்கத்து பக்கத்தில் வந்தால் என்ன கேள்வி வரும் என்று சொல்லவே வேண்டாம். 140 கோடி பேரில் 11 பேர் கிடைக்கலையா? கேட்கத் தோன்றுவது நியாயம்தான். ஆனால் தகுதிச் சுற்றில் மக்கள்தொகைக்குப் புள்ளி கிடையாது. எந்தக் கண்டத்தில் இருக்கிறீர்கள், அந்தக் கண்டத்துக்கு எத்தனை இடம், உங்கள் ரேங்க் என்ன, குலுக்கலில் யார் உங்களோடு வந்தார்கள், சொந்த மண்ணில் எத்தனை ஆட்டம் ஜெயித்தீர்கள். கணக்கு இவ்வளவுதான்.

இடங்கள் எப்படிப் பிரிகின்றன?

2022 வரை 32 அணிகள் ஆடிய உலகக் கோப்பையில் 2026-ல் 48 அணிகள். உலகத்தை ஆறு கால்பந்து கூட்டமைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இத்தனை இடம் என்று ஃபிஃபா ஒதுக்குகிறது. ஐரோப்பாவுக்கு 16, ஆப்பிரிக்காவுக்கு 9, ஆசியாவுக்கு 8, தென் அமெரிக்காவுக்கு 6, ஓசியானியாவுக்கு 1. போட்டியை நடத்தும் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் நேரடியாக உள்ளே. அந்த மூன்றைத் தவிர வட, மத்திய அமெரிக்கா, கரீபியன் பகுதிக்கு இன்னும் 3 இடம். ஆக 46. மிச்சமுள்ள 2 இடத்துக்கு, ஐரோப்பா தவிர்த்த மற்ற கூட்டமைப்புகளிலிருந்து ஆறு அணிகளுக்கு 2026 மார்ச்சில் மெக்சிகோவில் பிளே-ஆஃப்.

குராசோவுக்குக் கதவு திறந்தது இங்கேதான். அந்தப் பகுதியின் பெரிய அணிகள் மூன்றும் போட்டியை நடத்துவதால் தகுதிச் சுற்றிலேயே இல்லை. மிச்சமிருந்த அணிகளில் குராசோ தன் குரூப்பில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் 12 புள்ளி எடுத்தது. ஜமைக்கா எடுத்தது 11. கடைசி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் ஜமைக்காவுக்குக் கொடுத்த பெனால்டியை வீடியோ பார்த்து நடுவர் ரத்து செய்யாமல் இருந்திருந்தால், இந்தக் கட்டுரையில் குராசோவுக்கு வேலையே இருந்திருக்காது. அதிர்ஷ்டமா? கொஞ்சம். ஆனால் ஆறு ஆட்டத்திலும் தோற்காமல் இருந்ததால்தான் அந்த அதிர்ஷ்டம் பயன்பட்டது.

ஒவ்வொரு கண்டமும் தன் இடங்களைத் தனக்குப் பிடித்த மாதிரி நிரப்பிக்கொள்ளலாம். தென் அமெரிக்காவில் பத்தே அணிகள். எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை, ஆளுக்கு 18 ஆட்டம். இவ்வளவு நீளமான லீக்கில் ஒரு சறுக்கல் ஆளைக் கொல்லாது. ஈக்வடார் 3 புள்ளி அபராதத்தோடு ஆரம்பித்தும் இரண்டாவது இடம் பிடித்ததே, அதுதான் சாட்சி. ஐரோப்பாவில் 12 குரூப். முதலிடம் பிடித்தவர்கள் உள்ளே, இரண்டாமிடம் பிடித்தவர்களுக்கு பிளே-ஆஃப். அங்கே ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விடும். நாலு முறை கோப்பை வென்ற இத்தாலி 2018-க்கு ஸ்வீடனிடமும், 2022-க்கு வடக்கு மாசிடோனியாவிடமும் அப்படித்தான் வெளியே போனது.

ஆசியா: ஐந்து சுற்றுப் பயணம்

ஆசியாவில் 46 அணிகள் களமிறங்கின. ரேங்கில் 27 முதல் 46 வரை இருந்தவர்கள் முதல் சுற்று ஆட வேண்டும். முதல் 26 அணிகள் நேராக இரண்டாம் சுற்றுக்கு வந்துவிடும். இரண்டாம் சுற்றில் நாலு நாலு அணிகளாக 9 குரூப், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகள் மூன்றாம் சுற்றுக்குப் போகும். அங்கே 18 அணிகள், மூன்று குரூப். முதல் இரண்டு இடம் பிடித்தால் நேராக உலகக் கோப்பை. மூன்று, நான்காம் இடத்துக்கு நாலாவது சுற்றில் இன்னொரு வாய்ப்பு. அதில் மேலும் இரண்டு பேர் உள்ளே. அங்கேயும் தவறினால் ஐந்தாவது சுற்று, அதில் ஜெயித்தால் மெக்சிகோ பிளே-ஆஃப். இராக் போய்ச் சேர்ந்தது அங்கேதான்.

முன்பு ஆசியாவுக்கு இருந்தது நாலரை இடம் (அந்த அரை என்பது பிளே-ஆஃப் வாய்ப்பு). அது எட்டரை ஆனதும் உஸ்பெகிஸ்தான், ஜோர்டான் இரண்டும் முதல் முறையாக உள்ளே வந்துவிட்டன. வாசல் அகலமானபோது இந்தியா எங்கே இருந்தது?

தோஹாவா, குவாஹாட்டியா?

2023 ஜூலையில் இந்தியாவின் ஃபிஃபா ரேங்க் 99. அந்த ரேங்க்கால்தான் குலுக்கலில் இரண்டாம் வரிசைப் பானையில் இடம் கிடைத்தது. குரூப்பில் வந்தவை கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான். கத்தாரை விட்டுவிட்டால், இரண்டாம் இடம் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தது. முதல் ஆட்டத்திலேயே குவைத்தில் 1-0 வெற்றி வேறு.

எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது 2024 ஜூன் 11, தோஹா ஆட்டம். சாங்தே கோலால் 1-0 என்று இந்தியா முன்னணியில் இருந்தது. 73-வது நிமிஷம் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போன மாதிரி தெரிய, கத்தார் வீரர் அதை உள்ளே இழுக்க, அது கோல் ஆனது. அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் கிடையாது. கடைசியில் 1-2 தோல்வி. அநியாயம்தான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் புள்ளிப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கத்தார் 16, குவைத் 7, இந்தியா 5, ஆப்கானிஸ்தான் 5. தோஹாவுக்கு இரண்டரை மாசத்துக்கு முன்னால், மார்ச் 26-ம் தேதி குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானோடு ஆட்டம். சுனில் சேத்ரியின் 150-வது சர்வதேசப் போட்டி. அவர் பெனால்டியில் கோல் அடித்து 1-0. அப்புறம் இரண்டு கோல் வாங்கி 1-2 தோல்வி. அந்த ஒரு ஆட்டத்தை ஜெயித்திருந்தால் இந்தியாவுக்கு 8 புள்ளி. தோஹாவில் அந்த கோல் நடந்தும், தோற்றும்கூட, குவைத்தைத் தாண்டி மூன்றாம் சுற்றுக்குப் போயிருக்கும். இந்தியா இதுவரை அந்தச் சுற்றைப் பார்த்ததே இல்லை.

அதுக்கு அஞ்சு நாள் முன்னால் அபாவில் இதே ஆப்கானிஸ்தானோடு 0-0. அதை 1-0 ஆக்கியிருந்தால் போதுமா? போதாது. 7-7 என்று சமமாகி, கோல் வித்தியாசத்தில் குவைத் மேலே போயிருக்கும். ஆப்கானிஸ்தானை அவர்கள் ஒரு ஆட்டத்தில் 4-0 என்று அடித்தது அங்கே கைகொடுத்திருக்கும். கொல்கத்தாவில், சேத்ரியின் கடைசி ஆட்டம் என்று அப்போது சொல்லப்பட்ட ஆட்டம், குவைத்தோடு 0-0. அதை ஜெயித்திருந்தால் இந்தியா 7, குவைத் 6. அப்போதும் நாம் உள்ளே! சொந்த மண்ணில் இரண்டு வாய்ப்பு, இரண்டும் கை நழுவின. நடுவரைத் திட்டுவது சுலபம். அதனால் குவாஹாட்டியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இழப்பு உலகக் கோப்பையோடு முடியவில்லை. மூன்றாம் சுற்றுக்குப் போன 18 அணிகளுக்கும் 2027 ஆசியக் கோப்பையில் நேரடி இடம் உண்டு. அதைத் தவறவிட்டதால்தான் இந்தியா தனியாக ஆசியக் கோப்பை தகுதிச் சுற்று ஆட வேண்டி வந்தது. அங்கே வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர். ஐந்து ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. டாக்கா தோல்வி அதில் ஐந்தாவது ஆட்டம். அதற்கு முன்பே ஆசியக் கோப்பை வாய்ப்பு போய்விட்டது.

ரேங்க் ஏன் இவ்வளவு முக்கியம்?

2018 முதல் ஃபிஃபா ரேங்க் ஒரு எளிய தர்க்கத்தில் ஓடுகிறது: எதிராளியின் பலத்தை வைத்து நீங்கள் எவ்வளவு எதிர்பார்க்கப்பட்டீர்களோ, அதைவிட நன்றாக ஆடினால் ஏறுவீர்கள், மோசமாக ஆடினால் இறங்குவீர்கள். கீழே இருப்பவரிடம் தோற்றால் அடி பலமாக விழும். ஆட்டத்துக்கு ஆட்டம் எடையும் மாறும். ஃபிஃபா குறித்த தேதிகளில் நடக்கும் நட்பு ஆட்டத்துக்கு எடை 10, தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு 25. அதாவது நட்பு ஆட்டத்தில் தோற்பதைவிட, தகுதிச் சுற்றில் தோற்றால் இரண்டரை மடங்கு சரிவு.

அந்த வழியில்தான் 99-ல் இருந்த இந்தியா, 2025 நவம்பரில் 142-க்கு வந்து நின்றது. ரேங்க் சரிந்தால் குலுக்கலில் கீழ்ப் பானை. கீழ்ப் பானை என்றால் குரூப்பில் பலமான அணிகள். அப்புறம் இன்னும் தோல்வி. 2030-க்கும் இதே முறை தொடர்ந்தால், ஆசியாவில் முதல் 26-க்குள் இல்லாதவர்கள் முதல் சுற்றிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

டாக்காவுக்குப் பிறகு ஹாங்காங்குக்கு எதிராக இந்தியாவுக்கு இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது, 2026 மார்ச்சில். ஆசியக் கோப்பைக்கு அது உதவாது. ரேங்க் கணக்கில் அதன் எடை 25.