ஆய்வறிக்கைக்குப் பின்னால் யார் பணம்? 'நலன் முரண்' ஏன் முக்கியம்?

ஒரு பேராசிரியர் ஒரு தொழிற்சாலைக்கு ஆலோசகர். அதே தொழிற்சாலையால் கடல் கெடுகிறதா என்று ஆய்வு செய்பவரும் அவரே. அறிக்கை நூறு சதவீதம் சரியாகவே இருக்கலாம். ஆனாலும், அந்தத் தொடர்பு மீனவருக்குத் தெரிய வேண்டாமா? இதைத்தான் 'நலன் முரண்' என்கிறார்கள்.

தூத்துக்குடியில் என்ன நடந்தது?

முத்துப் பார்கள் உள்ள மன்னார் வளைகுடாவில் இருந்து 25 கி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான், 1994-ல் ஸ்டெர்லைட் ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதி தந்தது. 1998-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்காக ஆய்வு செய்த நாக்பூரின் 'நீரி' நிறுவனம், ஆலை சுமார் 14 கி.மீ. தூரத்தில் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. ஆலை மூடப்பட்டு, சில நாட்களிலேயே மீண்டும் திறந்தது. 1999-ல் வந்த நீரியின் அடுத்த அறிக்கை ஆலைக்குச் சாதகமாக இருந்தது.

இதற்கிடையே ஆலையிடமிருந்து நீரிக்குக் கட்டண ஆலோசனைப் பணிகள் கிடைத்தன என்பது போராட்டக்காரர்களின் நீண்டகாலக் குற்றச்சாட்டு. 2011-ல் உச்ச நீதிமன்றமும் நீரியிடமே மறுபடி ஆய்வு கேட்டது.

வெளி வேலை செய்வதே தப்பா?

இல்லை. ஆய்வகங்களும் பல்கலைக்கழகங்களும் கட்டணத்துக்கு ஆலோசனை சொல்வது வழக்கம்தான். மறைப்பதுதான் சிக்கல். யாரிடம் பணம் வாங்கினோம், எந்த நிறுவனத்தில் பங்கு இருக்கிறது, குடும்பத்தினர் எங்கே இயக்குநர் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து, அந்த ஆய்வை இவர் செய்யலாமா, வேறொருவரிடம் கொடுக்கலாமா என்று நிர்வாகம் முடிவெடுக்கும். சுருக்கமாகச் சொன்னால், வெளிப்படுத்துவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது.

பல்கலைக்கழகங்களில் விதி என்ன?

யுஜிசி-யின் 2018 விதிமுறைகள், ஆசிரியர் பணியைப் பாதிக்கக்கூடிய வேறு வேலை, டியூஷன், பயிற்சி வகுப்பு வேண்டாம் என்கின்றன. அந்த வரி ஆசிரியரின் நேரத்தையும் கடமையையும் பற்றியது. பங்கு, ஆலோசனைக் கட்டணம் பற்றிய கேள்விக்கு அது மட்டும் போதாது. அமெரிக்காவில் அரசு நிதியில் மருத்துவ ஆய்வு செய்பவர், தன் பணி தொடர்பான ஒரு நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் பெற்றால் தன் கல்வி நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் வழக்கு உண்டா?

உண்டு. சேலம் பெரியார் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஜெகநாதன் 2023 டிசம்பரில் கைதானார். பதவியில் இருந்துகொண்டே சிலருடன் சேர்ந்து 'பூட்டர்' என்ற அமைப்பைத் தொடங்கினார் என்பது ஊழியர் சங்கத்தின் புகார். அது லாப நோக்கமற்ற அமைப்பு என்பது எதிர்வாதம். அவருக்கு இடைக்கால ஜாமீன் கிடைத்தது. பிறகு விசாரணைக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

நமக்கு ஏன் இது?

2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த ஊர் தூத்துக்குடி. அதற்கு முன் பல ஆண்டுகளாக அங்கே அறிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றின் மீது மக்களுக்கு நம்பிக்கைதான் இல்லை. துறைமுக விரிவாக்கமோ புதிய ஆலையோ, அடுத்த அறிக்கை கைக்கு வரும்போது முடிவுரைக்கு முன் ஒரு வரியைத் தேடுங்கள்: இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்?