பெல்ட் வேணாம், பிசியோ வேணும்

போன வருஷம் ஆகஸ்ட்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைல அஞ்சு மணிக்கு ஷூ லேஸ் கட்ட குனிஞ்சேன். நிமிர முடியல.

விழல, அடிபடல, பாரம் தூக்கல. அதுக்கு முந்தின நாள் பழவேற்காடு பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் வரைக்கும் ஓடிட்டு வந்து, தட்டு நிறைய சோறு போட்டு மீன் குழம்போட சாப்பிட்ட ஆள் நான். 5000 மீட்டர், 10,000 மீட்டர் ரெண்டும் என் ஈவென்ட். ஜோனல் மீட்டுக்கு ஆறு வாரம் இருந்தது. அந்த நேரத்துல தோணிரேவுல எங்க வீட்டு வாசப்படியில, தொண்ணூறு டிகிரியில நின்னுட்டு இருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்த வலியைப் பத்தி இல்ல. வலி வந்ததுக்கு அப்புறம் எனக்குக் கிடைச்ச "வைத்தியம்" பத்தி. நம்ம காலேஜ்ல ஓடுறவங்க, கபடி ஆடுறவங்க, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹாஸ்டல் கட்டில்ல வளைஞ்சு உக்காந்து கோடிங் பண்றவங்க எல்லாருக்கும் இது எப்ப வேணும்னாலும் வரலாம். அதனாலதான் எழுதறேன்.

முதல் நாள் ஊரே வந்துடுச்சு. "வாய்வுப் பிடிப்பு, பூண்டு சுட்டுக் குடு"ன்னு பக்கத்து வீட்டு அத்தை. "கால் முன்னாடி வந்து பொறந்தவங்க மிதிச்சா சரியாப் போகும்"னு ஆயா. அப்படிப் பொறந்த ஒரு மாமா எங்க தெருவுலயே இருக்காரு, கூப்பிட்டும் விட்டாங்க. நல்ல மனுஷன், மெதுவாத்தான் மிதிச்சாரு. "பேசாம புத்தூருக்குக் கூட்டிட்டுப் போய் கட்டுப் போடுங்க"ன்னு இன்னொருத்தர். எலும்பு எதுவும் உடையலன்னு சொன்னா, "உடையலைன்னா என்ன, ஒரு கட்டுப் போட்டா நல்லதுதானே"ன்னு பதில். இதையெல்லாம் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரல. இவங்க யாரும் என்கிட்ட பத்து ரூபா கூட வாங்கல. என்னை பயமுறுத்தவும் இல்ல.

அந்த ரெண்டையும் செஞ்சது, அடுத்த வாரம் நான் போன ஒரு தனியார் கிளினிக். பேர் வேணாம். டாக்டர் என் முதுகைத் தொட்டுப் பார்க்கவே இல்ல. நேரா எம்.ஆர்.ஐ. அப்பா சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்துக் கட்டினாரு. ரிப்போர்ட்ல "மைல்டு டிஸ்க் பல்ஜ்"னு இருந்தது. டாக்டர் சொன்னது மூணு விஷயம்: இடுப்புக்கு பெல்ட் போடு, மூணு மாசம் ரெஸ்ட் எடு, இனிமே ஓடாதே. கடைசியா ஒண்ணு, அதுவும் அம்மாவைப் பார்த்து: "நாளைக்குக் கல்யாணம் ஆகி பிள்ளை பெத்துக்கணும்ல?"

பஸ்ல வரும்போது அம்மா கேட்டாங்க, "பல்ஜ்னா என்ன பாப்பா?" எங்க வீட்டுல இங்கிலீஷ் மீடியம் படிச்சது நான் மட்டும்தான். எல்.கே.ஜி.ல இருந்து வீட்டுக்கு வர்ற எல்லா பேப்பருக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். "உள்ள பிதுங்கி இருக்காம்மா"ன்னு சொன்னேன். அம்மா முகம் மாறிடுச்சு. பொன்னேரி பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அந்த ஒரு சொல்லை இன்னைக்குத் திருப்பி எடுத்துக்க முடிஞ்சா எடுத்துக்குவேன்.

ஏன்னா அந்தச் சொல்லுக்கு நான் குடுத்த கனம் அதுக்குக் கிடையாது. 2015-ல வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு இருக்கு. முதுகு வலியே இல்லாதவங்களோட ஸ்கேன்களை மட்டும் எடுத்துப் பார்த்தாங்க. வலியே இல்லாத இருபது வயசுக்காரங்கள்ல 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். எண்பது வயசுல தேய்மானம் 96 சதவீதம். அதாவது நம்ம கிளாஸ்ல அறுபது பேரையும் வரிசையா ஸ்கேன் எடுத்தா, நல்லா இருக்கிற பதினெட்டு பேருக்கு என்னோட ரிப்போர்ட்டே வரலாம். தலைமுடி நரைக்கிற மாதிரி அது ஒரு மாற்றம். வலிக்கு அதுதான் காரணமா இல்லையான்னு ஸ்கேன் மட்டும் சொல்லாது. ஆளைத் தொட்டு, குனியச் சொல்லி, கேள்வி கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும்.

பெல்ட்? உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதுல வேண்டாம்னு சொல்ற பட்டியல்லயே இடுப்பு பெல்ட் இருக்கு. எடை கட்டி இழுக்கிற டிராக்‌ஷனும் இருக்கு. செய்யலாம்னு சொல்றது உடற்பயிற்சி, வலியைப் பத்திப் புரிய வைக்கிறது, தேவைப்பட்டா சில வலி மாத்திரைகள், இப்படி. 2020-ல உலகம் முழுக்க 61.9 கோடி பேருக்கு கீழ்முதுகு வலி இருந்ததுன்னும் அவங்களே சொல்றாங்க. இவ்வளவு பேருக்கு இருக்கிற ஒண்ணுக்கு நம்ம ஊர்ல இன்னும் முதல் மருந்து பெல்ட்டுதான். மெடிக்கல் ஷாப் கண்ணாடியில எஸ், எம், எல், எக்ஸ்எல்னு வரிசையா தொங்குது.

ஓட்டம் முதுகைத் தேய்ச்சிடும்ங்கிறதும் அப்படித்தான். 2017-ல ஆஸ்திரேலியால நெடுந்தூரம் ஓடுறவங்களையும் ஓடாதவங்களையும் ஸ்கேன் பண்ணி ஒப்பிட்டாங்க. ஓடுறவங்களோட டிஸ்க்ல நீர்ச்சத்து அதிகம், உயரமும் அதிகம். 2024-ல 'லான்செட்' இதழ்ல வந்த இன்னொரு ஆய்வு 701 பேரை வெச்சு பண்ணினது, எல்லாரும் முதுகு வலி வந்து சரியானவங்க. பாதிப் பேருக்கு நடைப்பயிற்சித் திட்டம் போட்டு, பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டினாங்க. சும்மா இருந்தவங்களுக்கு நடுத்தரமா 112 நாள்ல வலி திரும்ப வந்தது. நடந்தவங்களுக்கு 208 நாள். வெறும் நடை! நான் மூணு மாசம் பெல்ட் கட்டிப் படுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா கோவம்தான் வருது.

அப்புறம் அந்தப் பிள்ளை பெக்கிற விஷயம். பிரிட்டன் மாராத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப்புக்கு 2007 ஜனவரியில குழந்தை பொறந்தது. அதுக்கப்புறம் முதுகுத்தண்டோட அடி எலும்புல விரிசல். அதே வருஷம் நவம்பர்ல நியூயார்க் மாராத்தான்ல முதலிடம். எல்லாரும் ராட்கிளிஃப் ஆக முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா ஓட்டத்தையும் பிள்ளையையும் தராசுல எதிரெதிர் தட்டுல வைக்கறதுக்கு முன்னாடி அந்த டாக்டர் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்.

எனக்கு வழி கிடைச்சது தற்செயலா. எங்க ஆயாவுக்கு ரெண்டு வருஷமா பக்கவாதம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுப்பாங்க. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின திட்டம். அதுல சுகர், பிபி மாத்திரை குடுக்கறது எல்லாருக்கும் தெரியும், பிசியோவும் இருக்குங்கிறது பாதிப் பேருக்குத் தெரியாது. ஆயா கையை மடக்கி நீட்டிட்டு இருந்த அந்த அக்கா, நான் சுவத்தைப் பிடிச்சு எழுந்திரிக்கிறதைப் பார்த்துட்டாங்க. "என்னம்மா, இந்த வயசுல?"

அன்னைக்கு அவங்க என்கிட்ட கேட்ட கேள்விகளை வரிசையா எழுதி வெச்சிருக்கேன். கால்ல மரத்துப் போகுதா, பலம் குறையுதா? ஒண்ணுக்கு, ரெண்டுக்குக் கட்டுப்பாடு இருக்கா? தொடை இடுக்குல உணர்ச்சி இருக்கா? ராத்திரி வலியில எழுந்திரிக்கிறியா? சாயங்காலம் காய்ச்சல் வருதா, எடை குறையுதா? (முதுகெலும்புல டி.பி. வரும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.) காலைல எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரம் இறுக்கமா இருந்து, நடந்தா சரியாகுதா? அது இளவயசுல வர்ற ஒரு வகை மூட்டு அழற்சியா இருக்கலாமாம், பல பேருக்கு வருஷக்கணக்கா கண்டுபிடிக்காமப் போயிடுமாம். இதுல எதுக்காவது ஆமாம்னா பிசியோகிட்ட இல்ல, உடனே டாக்டர்கிட்ட போகணும்னாங்க. ஒண்ணுக்குக் கட்டுப்பாடு போனா அன்னைக்கே, அந்த மணி நேரமே. இதைப் படிக்கிறவங்க வேற எதையும் ஞாபகம் வெச்சுக்கலைன்னாலும் இந்தப் பத்தியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க.

கடைசியா மெதுவா கேட்டாங்க: "பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?" மூணு மாசமா வரல. அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உண்மையைச் சொன்னா அதை ஒரு வசதின்னுதான் நெனச்சிருந்தேன். ஓடுற அளவுக்குச் சாப்பாடு இல்லைன்னா உடம்பு முதல்ல நிறுத்துறது அதைத்தான், அடுத்தது எலும்புன்னு சொன்னாங்க. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லயே இதுக்குத் தனிப் பேர் வெச்சு, பயிற்சியாளர்களை எச்சரிச்சிருக்கு. ஆம்பளைங்களுக்கும் இந்தச் சத்துக் குறைபாடு வரும். எனக்கு அரசு மருத்துவமனையில ரத்தம் பரிசோதிச்சாங்க, எலும்புல விரிசல் இல்லைன்னும் பார்த்து உறுதி பண்ணாங்க. ஹீமோகுளோபின் 9. ஹாஸ்டல் டிபனை விட்டுட்டு காலி வயித்துல ஓடினா எடை குறைஞ்சு வேகம் கூடும்னு யூடியூப்ல பார்த்து நம்பின புத்திசாலி நான்தான்.

மிச்சக் காரணமும் பெரிய மர்மம் இல்ல. ஜோனல் வருதுன்னு வாரத் தூரத்தை மூணே வாரத்துல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆக்கினேன். லீவுக்கு ஊருக்கு வந்தா கடற்கரையில ஓடுவேன், அலைப்பக்கம் சரிஞ்ச மணல்ல, எப்பவும் ஒரே பக்கம் சாய்ஞ்சு. மத்த நேரமெல்லாம் பிராஜெக்ட்டுக்காக நாற்காலி. இடுப்புத் தசை பலவீனம்னு அக்கா ஒத்தைக் கால்ல நிக்கச் சொல்லியே காட்டிட்டாங்க, அஞ்சு செகண்ட்ல இடுப்பு தொங்கிடுச்சு. அப்புறம் பாய்ல படுத்து இடுப்பைத் தூக்கற பிரிட்ஜ், சைடு பிளாங்க், வாரம் மூணு நாள். ஓட்டத்தை நிறுத்தச் சொல்லல. ரெண்டு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடைன்னு ஆரம்பிச்சு, வலி லேசா இருந்தா பரவாயில்ல, மறுநாள் காலைல கூடியிருந்தா குறைச்சுக்கோன்னாங்க. ஜோனல் போச்சு. டிசம்பர்ல பாலத்தைத் தாண்டினேன். பூநாரைங்க வந்திருந்தது.

இப்ப என் கருத்துக்கு வரேன். பும்ராவுக்கும் முதுகுதான் போச்சு. 2022 டி20 உலகக் கோப்பையில ஆடல, 2023 மார்ச்சுல நியூசிலாந்துல அறுவை சிகிச்சை, ஆகஸ்ட்ல அயர்லாந்துல கேப்டனா திரும்பி வந்தாரு. நடுவுல அந்த அஞ்சு மாசம் அவரைப் பார்த்துக்க பெங்களூருல ஒரு அகாடமியே இருந்தது. எனக்கு அகாடமி வேணாம். நம்ம காலேஜ்ல ஏ.சி. ஜிம் இருக்கு, டிரெட்மில் ஆறு இருக்கு (ரெண்டு ஓடும்). வருஷா வருஷம் ஸ்போர்ட்ஸ் டேக்கு டி-ஷர்ட் அடிக்கிறோம். வாரத்துல ரெண்டு சாயங்காலம் வந்து போற ஒரு பிசியோதெரபிஸ்ட் இல்ல. பி.டி. சார்கிட்ட ஒரு ஸ்பிரே இருக்கு. பாவம், அவரும் வேற என்ன பண்ணுவாரு, முன்னூறு பேருக்கு அவர் ஒருத்தர். நாங்க பதினோரு பேர் சேர்ந்து நிர்வாகத்துக்கு லெட்டர் குடுத்திருக்கோம். "ஸ்போர்ட்ஸ் கோட்டா பசங்களுக்கு மட்டும் செலவு பண்ண முடியாது"ன்னு ஒரு பதில் வாய்மொழியா வந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு மட்டும் கேக்கல சார். லேப் அட்டெண்டர் அண்ணனுக்கும், மெஸ்ல அண்டா தூக்கற அக்காங்களுக்கும் சேர்த்துத்தான் கேக்கறோம்.

இதை நான் லெட்டர்ல சேர்க்கச் சொன்னதுக்கு ஒரு காரணம் இருக்கு. எனக்கு வலி வந்த அன்னைக்கு வீடு கூடிச்சு, சீட்டுப் பணம் எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. எங்க அம்மா விடியக்காலைல ஏரிக்கரையில குனிஞ்சு உக்காந்து இறால் பிரிச்சு, கூடையைத் தலையில வெச்சு பஸ் ஏறி விக்கப் போறாங்க. பதினஞ்சு வருஷமா அவங்களுக்கு முதுகு வலி. தைலம் வாசனைதான் எனக்கு அம்மா வாசனை. ஒரு நாள் கூட அதை யாரும் "வலி"ன்னு சொன்னதில்ல, நானும் சேர்த்துத்தான். என் முதுகுக்கு மெடல் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்காகிட்ட கேட்டேன், அம்மாவையும் பார்ப்பீங்களான்னு. வியாழக்கிழமை ஆயாவைப் பார்க்க வரும்போது பார்க்கறேன்னாங்க. வியாழக்கிழமை எங்களுக்குப் பாடு முறை, இறால் நிறைய வரும், முடியாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. அதுக்கடுத்த வாரம் கேட்டிருக்கேன். அந்த பெல்ட் இப்ப அப்பாகிட்ட இருக்கு, படகுல பேட்டரியைச் சேர்த்துக் கட்ட நல்லா இருக்காம்.