விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்ற பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை நம் நாட்டில் இருக்க முடியாது. பள்ளியில் பரிசு வாங்கியவனைக் காட்டியும் சொல்வார்கள். வாங்காதவனைக் காட்டியும் சொல்வார்கள். நானும் பல காலம் அதை அப்படியே நம்பியவன்தான். அந்த நம்பிக்கையை அசைத்துப் பார்த்தது, நம்மில் பெரும்பாலோர் கண்டுகொள்ளாத ஒரு விளையாட்டு. அதுதான் அமெரிக்காவின் பேஸ்பால்.

இடைநிலைப்பள்ளியில் நான் மென்பந்து ஆடினேன். அதன் மூத்த சகோதரன் பேஸ்பால் என்பதால் அதன்மீது ஆர்வம் வந்தது. அங்கே இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலைப் பசியாறும் நேரத்தில் ஓடும். ஆட்டத்தைவிட என்னைக் கவர்ந்தது ‘வீரர் பரிமாற்றம்’. ஒரு குழு தன் வீரரை இன்னொரு குழுவுக்குக் கொடுத்து அங்கிருந்து வேறொருவரைப் பெறலாம். பெரும்பாலான வீரர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. ஒவ்வொரு சூலை மாத இறுதியிலும் இதற்கான கெடு நெருங்கும்போது, யார் எங்கே போவார், யாருக்கு ஈடாக யார் வருவார் என்ற ஊகங்கள் பறக்கும்.

இந்தச் சந்தையில் அதிகம் பேசப்படும் சரக்கு (இந்தச் சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன்) இளம் பந்துவீச்சாளர்கள். வெற்றிக் கிண்ணத்தை இந்த ஆண்டே தொட்டுவிடத் துடிக்கும் குழு, அனுபவமுள்ள வீரரைக் கேட்கும். தோற்றுக்கொண்டிருக்கும் குழு அவரைக் கொடுத்துவிட்டு, இன்னும் பெரிய லீக்கை எட்டாத இருபது வயது இளைஞர்களைக் கேட்கும். பெரிய லீக்குக்கு வந்தபின் ஏறக்குறைய ஆறு பருவங்களுக்கு ஒரு வீரர் தம் குழுவை விட்டுச் சுயமாக வெளியேற முடியாது. முதல் சில ஆண்டுகளில் சம்பளமும் குறைவு. ஆகவே, திறமையுள்ள இளைஞர் ஒருவர் கிடைத்தால் அது குழுவுக்குப் பெரிய இலாபம்.

அந்தத் திறமையை எப்படி அளக்கிறார்கள்? ‘ஸ்கவுட்’ எனப்படும் தேர்வாளர்கள் வேகமானியோடு சிறு நகர மைதானங்களில் உட்கார்ந்திருப்பார்கள். வேகப்பந்து, வளைபந்து, குறி தவறாமை என ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை புள்ளி தருவார்கள். 50 என்றால் சராசரி. இன்றைய நிலைக்கு ஒரு புள்ளி, எதிர்காலத்தில் எட்டக்கூடிய நிலைக்கு இன்னொரு புள்ளி. இந்த இரண்டாவது புள்ளியில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

நானும் ஒரு தேர்வாளனைப் போலவே தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தேன். 2018ஆம் ஆண்டில் இரண்டு தீர்ப்புகள் சொன்னேன். அவற்றை இங்கே ஒப்புக்கொள்வதே முறை.

அவ்வாண்டு சூலை 31ஆம் நாள் கெடு. நமக்கு ஆகஸ்டு முதல் தேதி அதிகாலை நான்கு மணி. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் குழு, டாம்பா பே ரேய்ஸ் குழுவிடமிருந்து கிறிஸ் ஆர்ச்சர் என்ற பெயர்பெற்ற பந்துவீச்சாளரைப் பெற்றது. ஈடாக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ் ஆகியோரைக் கொடுத்தது. பின்னர் ஷேன் பாஸ் என்ற இளைஞரும் சேர்ந்தார். “பைரேட்ஸ் ஏமாற்றிவிட்டது, ரேய்ஸ் ஏமாந்துவிட்டது” என்று தூக்கக் கலக்கத்திலேயே நண்பர்களுக்குச் செய்தி அனுப்பினேன்.

இரண்டாவது தீர்ப்பு லூக்கஸ் ஜியோலிட்டோவைப் பற்றியது. வாஷிங்டன் நேஷனல்ஸ் குழு 2016 டிசம்பரில் ஆடம் ஈட்டன் என்ற மட்டையாளருக்காக, ஜியோலிட்டோவையும் இன்னும் இரு இளம் பந்துவீச்சாளர்களையும் சிகாகோ வைட் சாக்ஸ் குழுவுக்குக் கொடுத்திருந்தது. 2018இல் ஜியோலிட்டோவின் சராசரி 6.13. அதாவது, ஒவ்வோர் ஒன்பது இன்னிங்சுக்கும் அவர் ஆறு ஓட்டங்களுக்கு மேல் விட்டுக்கொடுத்தார். முழுப் பருவமும் வீசிய பந்துவீச்சாளர்களுள் அதுவே மிக மோசமான சராசரி. “இவன் முடிந்தான்” என்று சொல்லிச் சிரித்தேன். அப்போது நான் முதலாமாண்டு மாணவன். அறைத்தோழனும் என்னோடு சேர்ந்து சிரித்தான்.

சில மாதங்களில் என் முதல் தவணைத் தேர்வு முடிவு வந்தது. புள்ளிச் சராசரி 1.9. இரண்டுக்குக் கீழே என்பதால் ‘கண்காணிப்பு நிலை’ என்று கடிதமும் வந்தது. அடுத்த தவணையும் இப்படியே போனால் படிப்பு நின்றுவிடும். அந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்ட எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. ஒரு விரிவுரையாளர் அதைப் பார்த்துவிட்டு, “இந்தத் துறை உனக்குச் சரிப்பட்டு வராது” என்றார். அவர் கையில் என் புள்ளி இருந்தது. என்னிடம் மறுக்க ஒன்றும் இல்லை. ஜியோலிட்டோவைப் பார்த்துச் சிரித்தது அன்றிரவு நினைவுக்கு வந்தது.

அதன் பிறகுதான் பழைய பரிமாற்றங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஒரு செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 2015ஆம் ஆண்டில் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் மூன்று பந்துவீச்சாளர்கள் ஒன்றாக இடம்பெற்றார்கள்: ரேண்டி ஜான்சன், பெட்ரோ மார்ட்டினெஸ், ஜான் ஸ்மோல்ட்ஸ். மூவருமே இளம் வயதில் தங்கள் முதல் குழுவால் வேறொருவருக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டவர்கள்!

ரேண்டி ஜான்சன் ஆறடி பத்து அங்குல உயரம். 1989இல் மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் குழுவில் ஒரு வெற்றியும் இன்றி நான்கு தோல்விகள், சராசரி 6.67. பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது என்ற நிலை. அவ்வாண்டு மே மாதம், மார்க் லாங்ஸ்டன் என்ற அனுபவசாலிக்காக அவரைச் சியாட்டலுக்குக் கொடுத்தார்கள். லாங்ஸ்டன் அந்த ஒரு பருவத்தோடு மாண்ட்ரியலை விட்டுப் போய்விட்டார். ஜான்சனோ 303 வெற்றிகளும் 4875 ஸ்டிரைக் அவுட்களும் ஐந்து சை யங் விருதுகளும் குவித்தார்.

பெட்ரோ மார்ட்டினெஸின் குறை இதற்கு நேர்மாறானது. உயரம் ஆறடிக்கும் குறைவு, மெல்லிய உடல். நெடும்பருவத்தைத் தாங்கமாட்டார் என்ற ஐயம் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் குழுவுக்கு இருந்தது. 1993 நவம்பரில், 22 வயதில், டெலினோ டிஷீல்ட்ஸ் என்ற ஆட்டக்காரருக்காக அவரை மாண்ட்ரியலுக்குக் கொடுத்தது. 1997, 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் அவர் சை யங் விருது பெற்றார்.

ஜான் ஸ்மோல்ட்ஸின் கதை இன்னும் உருக்கமானது. மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்தவர். அந்த மாநிலத்தின் டெட்ராய்ட் டைகர்ஸ் குழுவிலேயே சேர்ந்தவர். 1987இல் கீழ்நிலை லீக்கில் நான்கு வெற்றி, பத்துத் தோல்வி, சராசரி 5.68. அவ்வாண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், 36 வயது டாயில் அலெக்சாண்டருக்காக, இருபது வயது ஸ்மோல்ட்ஸை அட்லாண்டா பிரேவ்ஸ் குழுவுக்குக் கொடுத்தார்கள். பின்னாளில் அவர் 213 வெற்றிகளும் 154 சேவ்களும் பெற்றார். 200 வெற்றிகளையும் 150 சேவ்களையும் ஒருங்கே எட்டியவர் அவர் ஒருவரே.

அப்படியானால் டைகர்ஸ் குழு முட்டாள்களின் கூடாரமா? இல்லை என்பதே என் கருத்து. டெட்ராய்ட் வந்த அலெக்சாண்டர் ஒன்பது ஆட்டங்களில் வென்றார், ஒன்றிலும் தோற்கவில்லை. டொராண்டோவை இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் முந்தி, டைகர்ஸ் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அடுத்த சுற்றில் தோற்றாலும், கேட்ட பொருள் கைக்கு வந்தது. அவர்கள் எதிர்காலத்தை விற்று நிகழ்காலத்தை வாங்கினார்கள். விலை எவ்வளவு என்பது மட்டும் அன்று யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்திருக்கவும் முடியாது. ஏனெனில், கணிப்பு மறுபக்கமும் பொய்த்திருக்கிறது. 1991இல் நாட்டிலேயே முதல் இளைஞராக நியூயார்க் யாங்கீஸ் தேர்ந்தெடுத்த பிரையன் டெய்லருக்கு 15 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்தார்கள். 1993 டிசம்பரில் தோள்பட்டையில் காயம். பெரிய லீக்கில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. 2013இல் முதலாவதாகத் தேர்வான மார்க் அப்பெல், பெரிய லீக்கில் கால் வைத்தது 2022இல், தமது முப்பதாவது வயதில். பந்துவீச்சாளரின் முழங்கை எந்த நாளும் இற்றுப்போகலாம். ‘வருங்காலப் பந்துவீச்சாளர் என்று எவரும் இல்லை’ என்று பேஸ்பால் ஆய்வாளர்களே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கொடுத்தவர் எல்லாம் ஏமாந்தவர் என்றால், கொடுக்காமல் வைத்திருந்து இழந்தவர்களை என்னவென்று சொல்வது?

முளையைப் பார்த்துப் பயிரைச் சொல்ல முடியாது என்றால் எதைத்தான் பார்ப்பது? நிலத்தைப் பாருங்கள் என்பேன். இளைஞர் யாரிடம் போகிறார், அங்கே அவருக்காகக் காத்திருக்க ஆள் உண்டா என்பதே முதல் கேள்வி.

அட்லாண்டாவில் ஸ்மோல்ட்ஸ் முதல் நாளே மின்னவில்லை. 1988இல் இரண்டு வெற்றி, ஏழு தோல்வி. 1991 பருவத்தின் முற்பாதியில் இரண்டு வெற்றி, பதினொரு தோல்வி! பிரேவ்ஸ் அவரைத் தூக்கி எறியவில்லை. தொடர்ந்து களமிறக்கியது, விளையாட்டு உளவியலாளர் ஒருவரும் உதவினார். பிற்பாதியில் பன்னிரண்டு வெற்றி, இரண்டே தோல்வி. அவ்வாண்டு உலகத் தொடரின் ஏழாவது, இறுதி ஆட்டத்தில் பந்தைத் தொடங்கி வைத்தவரே அவர்தான். ரேண்டி ஜான்சனும் சியாட்டல் போனபிறகு 1990, 1991, 1992 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, எதிராளிகளை இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்புவதில் தம் லீக்கில் முதலிடத்தில் இருந்தார். சியாட்டல் பொறுத்தது. 1993இல் 308 ஸ்டிரைக் அவுட்கள்.

என் இரு தீர்ப்புகளுக்கும் வருகிறேன். பைரேட்ஸில் துணைப் பந்துவீச்சாளராக ஒதுக்கப்பட்டிருந்த கிளாஸ்னோவை, ரேய்ஸ் குழு வந்தவுடனே ஆட்டத்தைத் தொடங்கும் பொறுப்பில் வைத்தது. 2019இல் காயத்துக்கிடையே 12 ஆட்டங்கள் வீசி, 1.78 என்ற சராசரி கண்டார். ஆர்ச்சரோ அவ்வாண்டு மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. ஜியோலிட்டோ, பள்ளி நாளில் தமக்குப் பயிற்சியளித்த ஈதன் காட்ஸிடமே திரும்பிப் போய், கையைச் சுழற்றும் முறையைக் குறுக்கிக்கொண்டார். வைட் சாக்ஸ் அவரைக் கைவிடவில்லை. 2019இல் சராசரி 3.41, நட்சத்திர ஆட்டத்துக்கும் தேர்வானார். 2020 ஆகஸ்டு 25ஆம் நாள், பிட்ஸ்பர்க்குக்கு எதிராக ஒரு ஹிட்கூட விடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவரைக் கொடுத்த நேஷனல்ஸ் குழு, ஈட்டனும் ஆட, 2019இல் உலகத் தொடரை வென்றது. ஏமாந்தவர் யார், ஏமாற்றியவர் யார் என்று அதிகாலை நான்கு மணிக்கே தீர்ப்பு எழுதிய என் அறியாமையை என்னவென்பது!

எனக்கும் ஒருவர் காத்திருந்தார். நம் கழகத்தின் மூத்த மாணவி, நாங்கள் அக்கா என்று அழைப்பவர், அந்தத் தவணை முழுவதும் வியாழன் இரவுகளில் விடுதி உணவகத்தில் உட்கார்ந்து கணிதம் சொல்லிக்கொடுத்தார். அவருக்கும் தேர்வுகள் இருந்தன. என் புள்ளி என்ன என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, “எங்கே தடுக்கிறது?” என்றுதான் கேட்பார். நான் முதல் வகுப்பு மாணவனாகிவிடவில்லை. 2.7 என்று முடித்தேன். ஆயினும் படிப்பு நிற்கவில்லை. இன்று அதே துறையில் முதுகலை படிக்கிறேன்.

இதை இந்த ஆண்டிதழில் எழுதக் காரணம் உண்டு. ஒவ்வோராண்டும் நம் கழகம் புதிய மாணவர்களை வாதப் போட்டிக்கும் நாடகத்துக்கும் தேர்வு செய்கிறது. முதல் வாரத்தில் ஒரே சுற்று. மூன்று நிமிடப் பேச்சு. தடுமாறியவர்கள் அதன்பின் கூட்டத்துக்கே வருவதில்லை. அந்தத் தேர்வுக் குழுவில் நானும் இரண்டு முறை இருந்திருக்கிறேன், புள்ளிகளும் போட்டிருக்கிறேன். “போட்டி அடுத்த மாதம், இப்போது பேசத் தெரிந்தவர்தானே வேண்டும்?” என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டைகர்ஸ் குழுவின் கேள்வியும் அதுவே. வெல்ல வேண்டிய போட்டிக்கு வல்லவரை அனுப்புங்கள், தவறில்லை. ஆனால், தேர்வாகாத பதினெட்டுப் பேருக்கு நம்மிடம் என்ன திட்டம் இருக்கிறது? பேஸ்பாலில் ஒரு குழு கைவிட்டால் எடுத்துக்கொள்ள இன்னும் 29 குழுக்கள் உண்டு. தமிழில் பேச ஆசைப்பட்டு வந்த ஒரு முதலாமாண்டு மாணவிக்கு இந்த வளாகத்தில் நம்மை விட்டால் வேறு கழகம் ஏது?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தேர்வில் தவறியவர்களுக்கென்று வாரம் ஒரு மாலை பயிற்சி வையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த மாணவரைப் பொறுப்பாக்குங்கள். அடுத்த தவணையில் அவர்களை மீண்டும் ஒருமுறை மேடையேற்றுங்கள். அந்த வியாழன் மாலைகளுக்கு நான் வருகிறேன்; கணிதத்தில் தடுக்குகிறவர்களும் வரலாம்.

முளையைப் பார்த்து ஆரூடம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நீர் ஊற்றுவதற்குத்தான் ஆள் போதவில்லை.